தொடக்கநிலைத் தள நம்பகப் பொறியாளர் பணி

தள நம்பகப் பொறியாளர் என்பவர் பெரிய வலைத்தளங்களும் இணையச் சேவைகளும் தடையின்றி இயங்குவதற்குப் பொறுப்பேற்கும் கணினிப் பொறியாளர் ஆவார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இத்துறை எஸ்.ஆர்.ஈ. எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது. மின்னஞ்சல், இணையவழிப் பணப் பரிமாற்றம், பயணச்சீட்டுப் பதிவு, பங்குச் சந்தை எனப் பலவற்றின் பின்புலத்தில் இப்பணி உள்ளது. கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்தவர்களுக்கு இத்துறையில் உள்ள தொடக்கநிலைப் பணிகளையும், அவற்றை அடைவதில் உள்ள இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டில் இப்பணிகள் பெரும்பாலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ளன. கொடைக்கானல் மலையிலுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து வரும் பட்டதாரிக்கு இப்பணியின் ஒரு கூறு தனிச் சிக்கலாக அமைகிறது. அது இறுதிப் பகுதியில் கூறப்படுகிறது.

தோற்றம்

2003 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தில் சேர்ந்த பென் டிரெய்னர், ஏழு பொறியாளர்கள் கொண்ட ஒரு குழுவை நடத்தும் பொறுப்பைப் பெற்றார். அவர் மென்பொருள் பொறியாளராக இருந்தவர். வழங்கிகளைப் பேணும் வேலையையும் மென்பொருள் எழுதித் தீர்க்கவேண்டிய ஒரு சிக்கலாகவே அவர் அணுகினார். அதற்கு முன்னர் அவ்வேலை கணினி நிருவாகிகளிடம் இருந்தது. வழங்கிகள் பெருகும்போது நிருவாகிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவில் பெருகவேண்டியிருந்தது. ஒரே வேலையை இரண்டாம் முறை கையால் செய்ய நேர்ந்தால் அதற்கு ஒரு நிரல் எழுதவேண்டும் என்னும் எண்ணமே புதிய துறைக்கு அடிப்படையாயிற்று.

யூசுநிக்சு அமைப்பு இத்துறைக்கெனத் தனி மாநாட்டை 2014 இல் தொடங்கியது. 2016 இல் கூகிள் பொறியாளர்கள் எழுதிய நூல் ஒன்று ஓரைலி பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. துறையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்நூலை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பிற நிறுவனங்கள் இப்பணிப் பெயரைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியதற்கு இந்நூல் ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

பணியின் இயல்பு

எந்தச் சேவையும் நூறு விழுக்காடு நேரமும் இயங்க முடியாது என்பதை இத்துறை முதலிலேயே ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு நேரம் இயங்கினால் போதும் என்பதற்கு ஓர் இலக்கு வகுக்கப்படுகிறது. இலக்கு 99.9 விழுக்காடு எனில், 30 நாள் கொண்ட மாதத்தில் 43 நிமிடம் 12 வினாடி வரை சேவை நின்றிருக்கலாம். 99.99 விழுக்காடு எனில் ஏறத்தாழ 4 நிமிடம் 19 வினாடி. 99.999 விழுக்காட்டுக்குக் கிடைப்பது சுமார் 26 வினாடி மட்டுமே. உறங்கும் ஒருவர் தொலைபேசி ஒலி கேட்டு எழுந்து மடிக்கணினியைத் திறப்பதற்குள் இந்த 26 வினாடி கடந்துவிடும். எனவே உயர்ந்த இலக்குகளை மனிதர் விழித்திருந்து காக்க முடியாது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மென்பொருளே அவற்றைக் காக்கவேண்டும். நம்பகத்தைக் காக்கும் பணிக்கு நிரலாக்கம் தேவைப்படுவதற்கு இந்த எளிய கணக்கே காரணம்.

நின்றிருக்க இடமளிக்கும் அந்நேரம் பிழை ஒதுக்கீடு எனப்படும். புதிய வசதிகளை விரைவாக வெளியிட விரும்பும் நிரலாளருக்கும், எதையும் மாற்றாமலிருக்க விரும்பும் இயக்குநருக்கும் இடையே நெடுங்காலமாக இருந்த பூசலை இது ஓரளவு தீர்க்கிறது. ஒதுக்கீடு மீதமிருக்கும்வரை புதிய பதிப்புகளை வெளியிடலாம். தீர்ந்துவிட்டால் வெளியீட்டை நிறுத்தி, குறைகளைக் களையவேண்டும்.

அன்றாடப் பணியில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை எழுப்பும்போது உடனே கவனிக்கும் முறைப்பணி. இது அலுவலகங்களில் ஆன்கால் என்றே குறிப்பிடப்படுகிறது. மற்றொன்று, அந்த எச்சரிக்கை மீண்டும் எழாதவாறு செய்யும் பொறியியல் பணி. கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் ஒருவரின் நேரத்தில் பாதியை மீறக்கூடாது என்று கூகிள் வரம்பிட்டது. ஒரே இடத்தில் இயங்கும் குழுவாயின் குறைந்தது எட்டுப் பேரும், இரண்டு இடங்களில் பிரிந்து இயங்கும் குழுவாயின் இடத்துக்கு ஆறு பேரும் முறைப்பணிச் சுழற்சிக்குத் தேவை என்றும் அந்நிறுவனத்தின் நூல் கூறுகிறது. இந்த எண்களை நினைவில் கொள்வது பயன் தரும். ஒரு நிறுவனம் எத்தகைய வேலையை வழங்குகிறது என்பதை இவற்றைக் கொண்டே பெரும்பாலும் கணித்துவிடலாம்.

புதியவர்களுக்கான தடை

இப்பணிக்குத் தேவையான தகுதிகளுள் முதன்மையானது, ஓர் அமைப்பு எவ்வெவ்வாறு பழுதடையும் என்பதை முன்னரே உணரும் ஆற்றல் ஆகும். அது பழுதுகளைக் கண்டே வளர்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் எழுதப்படும் நிரல் ஒருமுறை இயங்கி மதிப்பெண் பெற்றதும் மூடப்படுகிறது. நள்ளிரவில் வட்டு நிரம்பி நின்றுபோகும் வழங்கியை மாணவர் பார்ப்பதில்லை. ஆகவே பல நிறுவனங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களையே இப்பெயரில் சேர்க்கின்றன. தொடக்கநிலை என்று குறிக்கப்பட்ட விளம்பரங்களிலும் அனுபவம் கேட்கப்படுவதைக் காணலாம்.

இதன் விளைவாகப் பட்டதாரிகள் பெரும்பாலும் வேறு வாயில்கள் வழியாகவே இத்துறைக்குள் நுழைகின்றனர். மென்பொருள் உருவாக்கம், கணினி நிருவாகம், மேகக் கணிமை ஆதரவு, வாடிக்கையாளர் தொழில்நுட்ப உதவி ஆகியன அவற்றுட் சில. பெரிய நிறுவனங்கள் சில பயிற்சிப் பணியாளராகச் சேர்த்துப் பின்னர் நிலைப்படுத்துகின்றன. தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பயிற்சி மற்றொரு வழி. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

பெயரும் வேலையும்

ஒரே பணிப்பெயர் இரு வேறு வேலைகளைக் குறிக்கலாம் என்பது பட்டதாரிகள் கவனிக்கவேண்டிய செய்தியாகும். முதல் வகையில் நிரல் எழுதுவதும் அமைப்பை மாற்றுவதும் பணியின் பாதியாக இருக்கும். இரண்டாம் வகை, வலையமைப்பு இயக்க மையங்களில் நெடுங்காலமாக உள்ள கண்காணிப்பு வேலை ஆகும். திரைகளைப் பார்த்திருத்தல், எச்சரிக்கை வந்தால் செயல்கையேட்டில் உள்ள படிகளைச் செய்தல், தீராவிட்டால் எல்2 எனப்படும் அடுத்த நிலைக்கு அனுப்புதல் ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்காவின் பகல் இந்தியாவின் இரவு ஆதலால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான இத்தகைய வேலை பெரும்பாலும் இரவுச் சுழற்சியில் அமைகிறது.

இரண்டாம் வகை இழிவானதன்று. எச்சரிக்கைகளை நாள்தோறும் காண்பவர் அமைப்பின் போக்கை நன்கு அறிவார். ஆயினும் நிரல் எழுத நேரமும் அமைப்பை மாற்ற உரிமையும் தரப்படாத இடத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தவருக்கு, அடுத்த நேர்காணலில் காட்டுவதற்கு ஏதும் இருப்பதில்லை. எனவே நேர்காணலின்போதே சிலவற்றைக் கேட்டறிவது நன்று. முறைப்பணிச் சுழற்சியில் எத்தனை பேர் உள்ளனர், வாரத்தில் நிரல் எழுத எத்தனை மணிநேரம் கிடைக்கும், எச்சரிக்கை விதிகளை மாற்ற யாருக்கு உரிமை உண்டு, கடைசியாக நிகழ்ந்த பெரிய தடையைப் பற்றிய அறிக்கை எவ்வாறு எழுதப்பட்டது என்பன அத்தகைய கேள்விகள். மூன்று பேர் மட்டுமே ஆண்டு முழுதும் மாறி மாறி முறைப்பணி பார்க்கும் குழுவில் உறக்கமே முதலில் குறையும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்துறையின் தேவைக்குப் பல காரணங்கள் உண்டு. சென்னையில் 2000 ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2002 முதல் சென்னையைச் சிங்கப்பூருடன் இணைக்கும் கடலடி வடங்கள் இங்குக் கரையேறின. தரவு மையங்கள் சிறுசேரி, அம்பத்தூர் போன்ற இடங்களில் பெருகின. 1996 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் சோகோ எனப் பெயர் மாறிய நிறுவனமும், 2010 இல் சென்னையில் தோன்றிய பிரெசுவொர்க்சும் உலகெங்கும் உள்ள பயனருக்குத் தம் சேவைகளை இங்கிருந்து உருவாக்கின. பிறர் வலைத்தளங்களைக் கண்காணிக்கும் சைட்24எக்ஸ்7 என்னும் சேவையும் சோகோவுடையதே.

நிதித்துறையில் நம்பகம் சட்ட ஒழுங்கின் பகுதியாகவும் மாறியது. எச்.டி.எப்.சி. வங்கியின் இணையச் சேவைகள் பலமுறை தடைப்பட்டதை அடுத்து, 2020 திசம்பரில் புதிய எண்ணிமச் சேவைகளைத் தொடங்கவும் புதிய கடனட்டைகளை வழங்கவும் இந்திய ரிசர்வ் வங்கி அவ்வங்கிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. தடை முழுமையாக நீங்கியது 2022 மார்ச்சில்தான். 2021 பெப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு நின்ற வணிகம் பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. 2016 இல் அறிமுகமான யூ.பி.ஐ. பணப் பரிமாற்றம் 2025 மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் நாடளவில் தடைப்பட்டபோது, கையில் பணம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டிருந்தவர்கள் தேநீர்க் கடையிலும் திகைக்க நேர்ந்தது.

இயற்கையும் சென்னையில் இத்துறைக்குப் பாடம் நடத்தியுள்ளது. 2015 திசம்பர் வெள்ளத்தில் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் நின்றன. நிறுவனங்கள் சில தம் ஊழியர்களைப் பிற நகரங்களுக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. மறு ஆண்டே திசம்பர் 12 அன்று வர்தா புயல் தாக்கியது. ஒரே நகரில் எல்லாவற்றையும் வைத்திருக்கக் கூடாது என்பது நூலில் ஒரு வரியாக இருந்ததிலிருந்து அன்று பட்டறிவாக மாறியது.

கற்க வேண்டியவை

விளம்பரங்களில் கருவிகளின் பெயர்கள் நீண்ட வரிசையாக வரும். குபெர்னெட்டிசு, புரோமிதியசு, கிராபானா, டெராபார்ம், அன்சிபிள் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. மாணவர் இவற்றை ஒவ்வொன்றாக மனனம் செய்யத் தேவையில்லை. குபெர்னெட்டிசும் டெராபார்மும் 2014 இல்தான் வெளிவந்தன. 1999 இல் வந்து பல ஆண்டுகள் கோலோச்சிய நாகியோசு கண்காணிப்புக் கருவி பல இடங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. கருவிகள் மாறுகின்றன, அவற்றின் அடியில் உள்ள இயங்குதளமும் வலையமைப்பும் மெதுவாகவே மாறுகின்றன.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு செயல்முறை எவ்வாறு தொடங்குகிறது, நினைவகம் தீர்ந்தால் என்ன நிகழும், வட்டில் இடம் இருந்தும் கோப்பு எழுத முடியாமற்போவது ஏன் என்பன போன்ற கேள்விகள் நேர்காணல்களில் வழக்கமானவை. உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியது முதல் பக்கம் தோன்றும்வரை நிகழ்வன யாவை என்னும் பழைய கேள்வியும் இன்னும் கேட்கப்படுகிறது. அது பழையதாயினும் பொருளற்றதன்று. 2018 செப்டெம்பர் 24 அன்று சோகோ நிறுவனத்தின் ஆள்களப் பெயரை, மோசடி மின்னஞ்சல் பற்றிய முறையீடுகளைக் காரணம் காட்டிப் பதிவாளர் நிறுவனம் முடக்கியது. வழங்கிகள் அனைத்தும் நலமாக இயங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றின் இருப்பிடத்தைச் சொல்லும் பெயர் மறைந்துவிட்டதால் பயனர்கள் அவற்றை அடைய முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று பேசுபுக் ஏறத்தாழ ஆறு மணிநேரம் மறைந்ததும் இதற்கு நெருங்கிய வகையே. அங்கு வழித்தடங்களை அறிவிக்கும் நெறிமுறையில் ஏற்பட்ட தவறால் பெயர் வழங்கிகள் எட்டாதவையாயின. நிறுவனத்தின் உட்கருவிகளும் செயலிழந்ததால் பழுதுபார்ப்பதே தாமதமாயிற்று. மேற்கண்ட நேர்காணல் கேள்விக்கு முழு விடை அறிந்தவருக்கு இவ்விரு நிகழ்வுகளும் எளிதில் விளங்கும்.

நிரலாக்கத்தில் பைத்தான் அல்லது கோ மொழிகளுள் ஒன்றைச் செவ்வனே அறிந்திருப்பது போதுமானது. கண்காணிப்பில் தாமதம், போக்குவரத்து, பிழைகள், நிரம்பல் என்னும் நான்கு அளவைகள் முதன்மையானவை. வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, சிறு வலைத்தளம் ஒன்றை ஓராண்டு இடைவிடாது இயக்கி, அது நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதிவைத்த மாணவர், சான்றிதழ்கள் பல பெற்றவரைக் காட்டிலும் நேர்காணலில் சொல்வதற்கு மிகுதியாகக் கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டில் இதற்குத் துணைகளும் உள. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கி வந்துள்ளது. 2012 இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸ், தரவுத்தளம் முதலியவற்றைத் தமிழிலேயே கற்பிக்கும் கட்டுரைகளையும் மின்னூல்களையும் இலவசமாக வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் டெவாப்ஸ் விருப்பப் பாடமாக இடம்பெற்றது. 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின்கீழ்க் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சிகள் வழங்கப்படுகின்றன. பட்டப்படிப்பின்றிப் பள்ளிக்கல்வி முடித்தவரைச் சேர்த்துப் பயிற்றும் சோகோ பள்ளி 2005 முதல் உள்ளது.

தவறும் பொறுப்பும்

புதிதாகச் சேர்ந்தவரின் பெரிய அச்சம், தம் விரல் தவறி எல்லாம் நின்றுவிடுமோ என்பதே. அது நிகழக்கூடியதுதான். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இரவு நெடுநேரம் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர், ஒரு வழங்கியில் அழிக்கவேண்டிய தரவுத்தள அடைவை மற்றொரு வழங்கியில் அழித்துவிட்டார். காப்புநகல் முறைகள் பல இருந்தும் ஒன்றும் உரியவாறு இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணிநேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலைக் கொண்டு மீட்டனர். இடைப்பட்ட தரவுகள் இழக்கப்பட்டன. மீட்புப் பணியை நிறுவனம் யூடியூபில் நேரடியாகக் காட்டியது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் தவறை அப்பொறியாளர் மீது சுமத்தாமல், காப்புநகல்களை எவரும் சோதித்துப் பார்க்காததையே காரணமாகக் கூறியது. அதே ஆண்டு பெப்ரவரி 28 அன்று அமேசான் மேகக் கணிமையின் சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணிநேரம் தடைப்பட்டது. கட்டளை ஒன்றில் உள்ளீடு தவறியதால் எண்ணியதைவிடக் கூடுதலான வழங்கிகள் நீக்கப்பட்டதே காரணம். அந்நிறுவனம் அக்கருவியையே மாற்றி, இனி அவ்வளவு வழங்கிகளை ஒரே வேளையில் நீக்க முடியாதவாறு செய்தது.

இவ்வாறு ஆளைப் பழிக்காமல் அமைப்பின் குறையைத் தேடி எழுதும் அறிக்கை முறை இத்துறையின் சிறப்பான மரபாகும். புதியவருக்கு இது கருணை மட்டுமன்று, கல்வியும்கூட. பழைய அறிக்கைகளைப் படித்தே அவர் தம் அனுபவக் குறையை ஓரளவு ஈடுசெய்ய முடியும். நல்ல குழுக்களில் புதியவர் முதலில் மூத்தவரின் முறைப்பணியை அருகிருந்து பார்ப்பார். பின்னர் அவர் பணிபுரிய மூத்தவர் அருகிருந்து பார்ப்பார். பழைய தடை ஒன்றை நாடகம்போல் மீண்டும் நடத்தி, அதைத் தீர்க்குமாறு புதியவரைக் கேட்கும் பயிற்சியும் உண்டு. இவை எதுவுமின்றிச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தனியே முறைப்பணி தரும் இடத்தில் நிகழும் தவறு புதியவருடையது என்று கொள்ளுதல் பொருந்தாது.

2022 க்குப் பின் பரவிய பெரு மொழி மாதிரிகள், எச்சரிக்கைகளைத் தொகுத்துக் காரணத்தை ஊகிக்கும் வேலைக்கும் பயன்படுத்தப்படுகின்றன. செயல்கையேட்டைப் படித்துச் செய்யும் வேலையே இதனால் முதலில் குறையக்கூடும். தொடக்கநிலையாளர் பலர் நுழைந்த வாயில் அதுவே என்பதால் இம்மாற்றம் கவனிக்கத்தக்கது.

இடமும் இணைப்பும்

தொலைவிலிருந்து செய்யத்தக்க வேலை என்று இது பெயர்பெற்றிருந்தாலும், முறைப்பணியில் இருப்பவர் எச்சரிக்கை வந்த சில நிமிடங்களில் இணைய இணைப்புடன் கணினி முன் இருக்கவேண்டும். 99.99 விழுக்காடு இலக்குள்ள சேவைக்கு மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும் ஒதுக்கீடே சுமார் 13 நிமிடம். ஆகவே முறைப்பணியாளரின் வீட்டு மின்சாரமும் இணைப்பும் சேவையின் நம்பகத்தில் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த வெள்ளகவி, பெரியகுளம் அருகிலுள்ள கும்பக்கரை அருவிக்கும் கொடைக்கானலின் வட்டக்கானலுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் உள்ளது. பல தலைமுறைகளாக இவ்வூரை வெளியுலகுடன் இணைத்தது நடைபாதை மட்டுமே. விளைபொருள்கள் குதிரைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. சற்றுப் பெரிய ஊர்களுக்கும் மலையில் இடர் உண்டு. 2018 நவம்பரில் கசா புயல் கொடைக்கானல் பகுதியில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. சாலைகள் அடைபட்டன. இத்தகைய இடத்தில் ஒற்றை மின்கம்பியையும் ஒற்றைக் கைபேசிக் கோபுரத்தையும் நம்பி ஒருவர் முதன்மை முறைப்பணி ஏற்பது அவருக்கும் நலமன்று, சேவைக்கும் நலமன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இழை ஊராட்சியை எட்டினாலும், அது அறுந்தால் மாற்றுவழி ஒன்று வேண்டும் என்பதே முறைப்பணியின் கணக்கு.

இதற்கு நடைமுறையில் இரு தீர்வுகள் காணப்படுகின்றன. ஒன்று, நிறுவனமே சிற்றூர்ப் பகுதிக்குச் சென்று மின்சாரத்துக்கும் இணைப்புக்கும் தான் பொறுப்பேற்பது. சோகோ 2011 இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மற்றொன்று, குழு தன் பணிகளைப் பிரித்துக்கொள்வது. உடனடி எச்சரிக்கையை நகரில் உள்ளவர் ஏற்க, தானியக்க நிரல், கொள்ளளவுக் கணிப்பு, அறிக்கை எழுதுதல் ஆகியவற்றை மலையூரில் உள்ளவர் ஏற்கலாம். ஆயினும் முறைப்பணியே பார்க்காத புதியவர் பழுதுகளைக் கண்டு கற்கும் வாய்ப்பை இழக்கிறார். அதனால் மலையூர்ப் பட்டதாரிகள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை நகரில் கழித்து, பின்னர் ஊர் திரும்புவது பற்றி எண்ணுவதே பெரும்பாலும் இயலக்கூடியதாக உள்ளது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அறை எடுத்துத் தங்கும் செலவு அம்முதல் ஊதியத்திலிருந்தே செல்லவேண்டியிருப்பதால், பணியை ஏற்கும்முன் இரவுச் சுழற்சிக்கான படியும் போக்குவரத்து வசதியும் தனியே தரப்படுகின்றனவா என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது வழக்கம்.